தலைமை ஆசிரியருக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு

ராஜமேரி டீச்சருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், எழுதுவார். கத்துகிறவர்களின் கோபம் ஒரு டம்ளர் காபிக்குள் அடங்கிவிடும். எழுதுகிறவர்களின் கோபம் அப்படி அடங்குவதில்லை. இருபத்தெட்டு வருடமாக ஒரே ஒரு மனிதர் சாகட்டும் என்று அவர் காத்திருந்தார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொன்னது கிடையாது. சொன்னால் சாமியார் மன்னித்துவிடச் சொல்வாரே, அந்தப் பயம்தான்.

கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் சிறிய கத்தோலிக்கப் பங்கு அது. ஊர்ப் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மாதா கோயிலை ஒட்டி ஒரு நடுநிலைப் பள்ளி. அதில் முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவர் ராஜமேரி. சிறுவர் கதைகளாக இரண்டு புத்தகம் எழுதி, தருமபுரியில் ஓர் அச்சகத்தில் தன் செலவில் போட்டு, பாதியைக் கரையானுக்குக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. படிக்கிற பெண்பிள்ளைக்கு எங்கேயாவது கல்யாணம் பேசுகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அதை நிறுத்தக் கிளம்பிவிடுவார். அவர் போன் நம்பரைச் சுற்றுவட்டாரத்துப் பெண்பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நல்ல முகூர்த்த நாளென்றால் டீச்சர் வீட்டில் அடுப்பு எரியாது. எந்தத் தாலுகாவில் எந்த மண்டப வாசலில் யாரோடு மல்லுக்கு நிற்கிறாரோ, யாருக்குத் தெரியும்.

ஆனால் பங்கில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை. அங்கே ஒரு வழக்கம். யார் இறந்தாலும் அடக்கப் பூசையின் முடிவில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கப்படும். வாசிப்பவர் கடைசியில் இறந்தவர் பெயரைச் சொல்லி, "இவருடைய ஆன்மா இளைப்பாற மன்றாடுவோம்" என்பார். உடனே கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் வரும். அதன் பிறகுதான் சவப்பெட்டி நகரும். அந்தக் குறிப்பை எழுதுவதும் படிப்பதும் ராஜமேரிதான்.

மற்ற பங்குகளில் இந்தக் குறிப்பு என்றால், செத்தவர் எல்லாருமே உத்தமர். ராஜமேரியிடம் அந்த ஜோலி கிடையாது. சாவு வீட்டுக்குப் போனால் முன்பக்கம் நாற்காலியில் உட்காரமாட்டார். கொல்லைப்புறம் பெண்கள் கடுங்காபி போடுகிற இடத்துக்குப் போய், "ஆளு எப்படி?" என்று ஒரே கேள்வி கேட்பார். முன்பக்கம் மகன்கள் சொல்வதில் கால்வாசிதான் எழுத்தில் ஏறும், பின்பக்கம் கேட்டதில் முக்கால்வாசி ஏறும். தன் சொந்தக் கணவர், மொரப்பூர் ஸ்டேஷனில் வேலை பார்த்த மனிதர், இறந்தபோதுகூட, "கோபக்காரர், குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுவார். ஆனால் தூங்கி ஒரு வண்டியைக்கூடத் தவறவிட்டதில்லை" என்று எழுதிப் படித்தவர் அவர். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதனால்தான் ராஜமேரி ஒருவரை நல்லவர் என்று படித்துவிட்டால் பங்கில் அதற்கு அப்பீல் கிடையாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஆள் படுக்கையில் கிடந்து, நினைவும் தெளிவாக இருந்தால், எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுவார். "தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அப்பறம் பெட்டிக்குள்ள இருந்து கை தூக்க முடியாது" என்பார். கிழவர்களுக்கு அது பிடிக்கும். தங்கள் குறிப்பைத் தாங்களே கேட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடியவர்கள் பலர்.

அவர் காத்திருந்தது அருள்நாதன் சாருக்காக. அதே பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கோயிலில் முதல் வரிசை. ஊரில் எந்த நல்லது கெட்டதுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார்.

தொண்ணூற்றாறில் எட்டாம் வகுப்பில் கலைமதி என்று ஒரு பெண் படித்தாள். அப்பா கிணறு வெட்டும்போது மண் சரிந்து போய்விட்டார். அம்மா கோவிந்தம்மாள் காட்டு வேலைக்குப் போய்க் காப்பாற்றினார். சித்தப்பா சின்னராஜ் கொஞ்சம் வசதியானவர், பள்ளிக்கு விளையாட்டு மைதானம் எழுதிக்கொடுத்த மனிதர். அவர் தன் மனைவியின் தம்பிக்குக் கலைமதியைக் கட்டிவைக்க நாள் குறித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கோவிந்தம்மாளால் கொழுந்தனாரை எதிர்த்துப் பேச முடியவில்லை. ராஜமேரியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னன்னு தெரிய வேண்டாங்க டீச்சர். எப்படியாச்சும் நிறுத்திக் குடுங்க. அது படிக்கட்டும்" என்றார்.

அங்கேதான் ராஜமேரி ஒரு காரியம் செய்தார். ஆசிரியர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. லீவு கேட்டாலும், சுண்ணாம்புக்கட்டி கேட்டாலும், மேலிடத்துக்கு எதை எழுதினாலும் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். பல வருடம் அப்படியே பழகிய கை, கால், புத்தி. நேராக அதிகாரியிடம் ஓடாமல், முறைப்படி முதலில் அருள்நாதனிடம் போய்ச் சொன்னார். அருள்நாதன் பொறுமையாகக் கேட்டார். "நல்ல காரியம் பண்றீங்க டீச்சர். நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். அன்று சாயங்காலமே சின்னராஜ் வீட்டுக்குப் போய் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கல்யாணத்தை முன்னால் இழுத்து, வேறொரு ஊர்க் கோயிலில் வைத்துத் தாலி கட்டி முடித்துவிட்டார்கள். ராஜமேரி வருவாய் ஆய்வாளரை அழைத்துக்கொண்டு போனபோது பந்தலே இல்லை. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து விசாரித்தார். "பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சுதுங்க. தலைமை ஆசிரியர் சொல்றேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அருள்நாதன், ராஜமேரியை வைத்துக்கொண்டே. ராஜமேரி மறுத்துச் சொன்னது எடுபடவில்லை, அந்த வார்த்தையோடு ஆய்வாளர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

அடுத்த வருடம் கலைமதி பிரசவத்தில் இறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், டெம்போவில். குழந்தையும் தங்கவில்லை. செய்தி வந்த காலை, பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன் ராஜமேரி அருள்நாதனிடம் போனார்.

"சார், கலைமதிக்காகப் பிள்ளைங்களை ஒரு நிமிசம் மன்றாடச் சொல்லலாமுங்களா?"

அவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். "அது நம்ம ஸ்கூல் பிள்ளை இல்லீங்களே டீச்சர். அதான் போன வருசமே நின்னுடுச்சே" என்றார். மணி அடித்தது, பிள்ளைகள் வழக்கமான பாட்டைப் பாடினார்கள்.

கல்யாணத்தை நடக்கவிட்டதைக்கூட ராஜமேரி ஒருவேளை காலப்போக்கில் விழுங்கியிருப்பார். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்காததை அவரால் விழுங்க முடியவில்லை. அன்றே முடிவு செய்தார். இந்த ஆள் ஒருநாள் சாவான், அவன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஊர் கேட்கச் சொல்வேன். அதற்கு முன்பு சாமியாரிடமோ ஊரிடமோ சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொன்னார். "பெரிய மனுசன் மேல சேத்தை வாரி அடிக்காதீங்க" என்றார்கள். சின்னராஜும் போய்ச் சேர்ந்துவிட்டார். அருள்நாதன் மட்டும் பேரப்பிள்ளைகளோடு, பொக்கை வாயில் சிரித்துக்கொண்டு, எண்பதைத் தாண்டியும் திடமாக நடந்துகொண்டிருந்தார். பூசை முடிந்து அவர் எதிரில் வந்தால் ராஜமேரி நின்று, "தோத்திரம் சார், ஒடம்பு எப்படி இருக்குது?" என்று விசாரிப்பார். ஊரே அதை மரியாதை என்று நினைத்தது.

இந்த வருடம் புளி உலுக்கும் பருவத்தில், ராஜமேரி வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது, அருள்நாதனின் மகன் இனிகோ பைக்கில் வந்து இறங்கினான். தருமபுரியில் வங்கி வேலை, நல்ல பிள்ளை, அவருடைய மாணவன்தான்.

"டீச்சர், அப்பாவுக்கு முடியலீங்க. டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க, வூட்டுக்கே கூட்டியாந்துட்டோம். நெனவு நல்லாத்தான் இருக்குது. எங்களையெல்லாம் கூப்ட்டு, எனக்கு ராஜமேரி டீச்சர்தான் படிக்கணும்னு சொல்லிட்டாருங்க. சாமியாருக்கும் சொல்லி அனுப்பிட்டாரு."

ராஜமேரிக்கு உள்ளுக்குள் துள்ளியது. சந்தோஷம்தான், அதை வேறு பெயர் வைத்து அழைப்பானேன். புளிக்கையைக் கழுவிக்கொண்டே, "வர்றேன் கண்ணு" என்றார். அருள்நாதன் ஏன் தன்னைக் கேட்டார் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. ராஜமேரி வாயால் நல்லவர் என்று வந்துவிட்டால் பழைய பேச்சு எதுவும் பிறகு எடுபடாது. சாகும்போதும் ஆள் கணக்காகத்தான் காய் நகர்த்துகிறார்.

ஹாலில் கட்டில் போட்டிருந்தார்கள். அருள்நாதன் பாதியாகக் குறைந்திருந்தார், கண் மட்டும் பழைய கண். இனிகோ சமையலறைப் பக்கம் போனதும் அவரே தொடங்கினார்.

"டீச்சர், பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. இந்த ஊருக்கு எவ்வளவோ பண்ணியிருக்கறன். அதை எழுதுங்க. அந்தப் பொண்ணு விசயம் மட்டும் வேண்டாம். பசங்களுக்குத் தெரியாது."

"எந்தப் பொண்ணுங்க சார்?"

"அதாங்க. சின்னராஜ் அண்ணன் பொண்ணு."

"பேரு சொல்லுங்க சார்."

அருள்நாதன் உத்தரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. மறைக்கவில்லை, நிஜமாகவே பெயர் அவருக்கு ஞாபகமில்லை. இத்தனை வருடமாக ராஜமேரி அந்தப் பெயரோடு எழுந்து அந்தப் பெயரோடு படுத்தார். இந்த மனிதர் அதைத் தொலைத்துவிட்டு நிம்மதியாகப் பேரன்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுவரை அவரைப் பற்றித்தான் எழுதுவதாக ராஜமேரி நினைத்திருந்தார். அந்த நிமிடம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். இவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

நேராகக் கோவிந்தம்மாள் வீட்டுக்குப் போனார். கோவிந்தம்மாள் இப்போது கம்பைநல்லூர் சந்தையில் தக்காளி விற்கிறார். சந்தையிலிருந்து திரும்பி, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ராஜமேரி அடுப்பங்கரையில் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, சாவு வீட்டில் கேட்பது போலவே கேட்டார்.

"ஆளு எப்படி, சொல்லுங்க. கலைமதி."

கோவிந்தம்மாள் பேசத் தொடங்கினார். பிறகு நிறுத்த முடியவில்லை. கணக்கில் கெட்டி. பச்சைப்புளியை உப்பில் தோய்த்துத் தின்று பல் கூசுகிறது என்று அழுவாள். வாத்துக்குப் பயம். மொரப்பூரில் ரயில் ஏறிச் சேலம் போய்ப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருப்பாள், கடைசிவரை போகவில்லை. தாலி கட்டிய அன்று அம்மாவிடம், "பரீட்சைக்கு மட்டும் வரலாமா?" என்று கேட்டாள்.

"இதை எங்கீங்க படிக்கப் போறீங்க?" என்றார் கோவிந்தம்மாள்.

ராஜமேரி சொன்னார். கோவிந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நல்லா சத்தமா படிங்க" என்றார்.

இரண்டாம் தடவை ராஜமேரி அருள்நாதன் வீட்டுக்குப் போனபோது தாளோடு போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல், "தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, தணிந்த குரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டினார். அருள்நாதனின் கை போர்வையைச் சுருட்டியது.

"இதுல நான் எங்கீங்க?"

"ரெண்டு எடத்துல வர்றீங்க சார். தப்பா ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் படிக்க வேண்டாம்னா இனிகோகிட்ட சொல்லிடுங்க. ஏன் வேண்டாம்னு கேப்பான். அதையும் நீங்களே சொல்லிடுங்க. உங்க வாயால அவன்கிட்ட சொல்லிட்டீங்கன்னா, நான் இதைக் கிழிச்சுப் போட்டுட்டு, உங்களுக்கு நல்லதாவே நாலு வரி எழுதறன். ஸ்கூலுக்கு நீங்க கேட்டு வாங்குன மைதானம், கோயிலுக்கு வாங்கிப் போட்ட மணி, எல்லாத்தையும் எழுதறன்."

இனிகோவைக் கூப்பிட்டதும் ராஜமேரிதான். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "என்னங்கப்பா?" என்றான். அருள்நாதன் மகனைப் பார்த்தார், ராஜமேரியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவர் சொல்லிவிடுவாரோ என்றுதான் ராஜமேரிக்குப் பயமாக இருந்தது.

"தண்ணி" என்றார் அருள்நாதன்.

மகன் தண்ணீர் கொடுத்தான். ராஜமேரி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வெகுநாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டார். அதன் பிறகு தினமும் இனிகோவின் போனை எதிர்பார்த்தார். டீச்சர் வேண்டாமாம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்தது சாவுச் செய்திதான்.

கோயில் நிரம்பியிருந்தது. அருள்நாதனின் மகள் ஸ்டெஃபி பெங்களூரிலிருந்து வந்து முதல் வரிசையில் தம்பியோடு உட்கார்ந்திருந்தாள். பழைய மாணவர்கள், கட்சிக்காரர்கள், மாலைகள். கோவிந்தம்மாள் உள்ளே வரவில்லை, வாசல் தூணை ஒட்டி மற்ற பெண்களோடு நின்றார். பூசையின் முடிவில் சாமியார் தலையசைக்க, ராஜமேரி எழுந்து போய் மைக் முன்னால் நின்றார்.

"கலைமதி" என்று தொடங்கினார்.

சிலர் நிமிர்ந்தார்கள். டீச்சர் எப்போதும் எங்கிருந்தாவது சுற்றிவந்துதான் ஆளைத் தொடுவார் என்று மற்றவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவள் கணக்கில் கெட்டி என்பதைப் படித்தார். வாத்துக்குப் பயந்ததைப் படித்தார். போகாத ரயிலைப் படித்தார். பிறகு குரலை ஏற்றாமல், இறக்காமல் படித்தார்.

"பதினான்கு வயதில் இவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். இவளைக் காப்பாற்றச் சொல்லித் தலைமை ஆசிரியர் திரு அருள்நாதனிடம் சொல்லப்பட்டது. சொன்னது நான். அன்று மாலையே அவர் அதைப் பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டார். அதிகாரி வந்து கேட்டபோது, இவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று திரு அருள்நாதன் பொய் சொன்னார்."

ஸ்டெஃபி எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். பாவம், அவளுக்குத் தெரியவில்லை. ஐம்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில் மைக் இல்லாமலே பாடம் நடத்திய தொண்டை அது. வாசல் தூண் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"அடுத்த வருடம் பிரசவத்தில் இவள் இறந்தாள், குழந்தையும் இறந்தது. இவள் படித்த பள்ளியில் இவளுக்காக ஒருவரும் மன்றாட அனுமதிக்கப்படவில்லை. கலைமதியின் ஆன்மா இளைப்பாற மன்றாடுவோம்."

எல்லாம் பழக்கம்தான். யோசித்திருந்தால் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். யோசிக்க நேரமில்லை. கோயில் முழுக்க ஒரே குரலாக, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எழுந்தது. சாமியார் சொன்னார், கட்சிக்காரர்கள் சொன்னார்கள், முதல் வரிசையில் இனிகோவும் சொன்னான். சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது. ராஜமேரி பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார்.

கல்லறையில் மண் போட்டுவிட்டு இனிகோ நேராக அவரிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. "எங்க அப்பாவுக்கு ஒரு நல்ல வரிகூட இல்லீங்களா டீச்சர்?"

"இதைத்தான் படிப்பேன்னு அவருகிட்டயே படிச்சுக் காட்டுனன் கண்ணு. நீ தண்ணி குடுத்தியே, அன்னைக்கு. அவரு வேண்டாம்னு சொல்லல."

இனிகோ கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். பிறகு அக்கா நின்ற பக்கம் போய்விட்டான். அவன்மேல் ராஜமேரிக்கு இரக்கம் வந்தது. செய்ததை எண்ணி வருத்தம் மட்டும் வரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கோவிந்தம்மாள் கூடவே நடந்து வந்தார்.

"அவருக்கு முன்னாடியே தெரியுமுங்களா டீச்சர்?" என்றார் கோவிந்தம்மாள்.

"தெரியும். தெரிஞ்சேதான் கெடந்தாரு."

"பின்ன ஏன் பையன்கிட்ட சொல்லித் தடுக்கல?"

"தடுக்கணும்னா பண்ணுனதைச் சொல்லணுமே. சொல்லியிருந்தா நான் இதைப் படிச்சிருக்க மாட்டன். கிழிச்சுப் போடறன்னு வாக்குக் குடுத்திருந்தன்."

கோவிந்தம்மாள் நின்று அதை நன்றாக யோசித்துப் பார்த்தார்.

"நல்லவேளைங்க" என்றார், "வாயைத் தொறக்காமயே செத்தாரு."